ஸ்பூன் கேட்ட பஸ்

ஜூலை 8, திங்கள்

மீன் தீனிக் கம்பெனிக்காரன் வருடா வருடம் ஒரு டைரி கொடுக்கிறான். இதுவரை அதில் ஒரு வரி எழுதியதில்லை. பக்கங்களைக் கிழித்து ஈரத் தரையில் போடுவேன். இன்று எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். நான் சொல்லாததைச் சொன்னேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு லேடி டாக்டர் கடைக்கு வந்தார். பெயர் ஃபர்ஸானா. சின்ன வயது. மீன் வாங்க வந்தவர் என்று நினைத்து ஏஞ்சல் மீன் ஜோடியைக் காட்டினேன். அவர் பார்த்தது என் கையை.

காசநோய்க் கிருமிக்குப் பங்காளிகள் மாதிரி நிறையக் கிருமிகள் இருக்கின்றனவாம். தண்ணீரிலும் மண்ணிலும் குழாயிலும் இருக்குமாம். அதனால் காசநோய் வராது, ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதே ஜாடையாம். எங்கள் தாலுகாவில் நூறு பேருக்கு எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று எண்ணுகிறார்களாம். சிலருக்கு நுரையீரலில் வரும், சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் கட்டியாக வரும். வண்ண மீன்காரர்களுக்குக் கையில் வருமாம்.

"உங்க கடையில எத்தனை பேர் தொட்டியில கை விடுவீங்க?" என்றார்.

"மீன் தொட்டியில கை விடாம கால விட்டா வேல ஆவுமா டாக்டரம்மா?"

சிரித்தார். டாக்டர்கள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஆறாத புண்ணு, கட்டி மாதிரி யாருக்காவது இருக்கா?"

"எங்க கடையில மீனுக்குத்தான் புண்ணு வரும். மருந்து போடுவோம், பூடும்."

அனுப்பிவிட்டேன். ஸ்கூல் வாசலில் ஜாம் பாட்டிலில் ஃபைட்டர் மீன் வைத்து விற்று ஆரம்பித்தவள் நான். இன்று கீழேரிப்பாக்கத்தில் மரகதவல்லி அக்வேரியம் என்றால் ஆட்டோக்காரன் விலாசம் கேட்க மாட்டான். எங்களை எண்ண வந்தவர்கள் யாரும் எங்களுக்கு எதையும் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனதில்லை. கடை நீளத்தை அளந்தார்கள், முன்பக்கம் ஒரு முழம் போனது. மோட்டாரை எண்ணினார்கள், கரண்ட் பில் ஏறியது. இப்போது கையை எண்ணப் போகிறார்களாம்.

ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். பழைய தொட்டியின் கண்ணாடி விளிம்பு. மஞ்சள் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பெரிய தொட்டி மோட்டார் நின்றுவிட்டது. கோல்டு ஃபிஷ் ஒன்பது போச்சு.

ஜூலை 19, வெள்ளி

பின் தெருவில் மோலி, கப்பி மீன்கள் வளர்க்கும் சந்தியாகுவுக்கு டி.பி. என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. மணிக்கட்டில் வரிசையாக நான்கு முடிச்சு, அவ்வளவுதான். எந்த டாக்டரோ அதிலிருந்து துளி எடுத்துப் பார்த்து, காசநோய்க் கிருமி ஜாடையில் ஏதோ தெரிந்ததும் எழுதிவிட்டார்.

டீக்கடையில் நின்றிருந்தேன். எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ். சந்தியாகு வந்ததும் கடைக்காரன் பேப்பர் கப்பை எடுத்தான்.

"இன்னாடா, எனக்கு மட்டும் பார்சலா?" என்றான் சந்தியாகு.

"கிளாஸ் கழுவல."

கழுவிய கிளாஸ்கள் தட்டு நிறையக் கவிழ்ந்து கிடந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. தீனி மூட்டை இறங்க வேண்டியிருந்தது, வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

வண்ண மீன் வியாபாரிகள் சங்கக் கூட்டம். தலைவர் துளசிங்கம் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். அந்த லேடி டாக்டர் கடை கடையாக ஏறுகிறார், யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார்.

"மீனு வாங்கினா டி.பி. வரும்னு ஒரு பேப்பர்ல ஒரு வரி வந்தா போதும். அப்பாமாருங்க கொயந்தைய இஸ்துகினு பலூன் கடைக்குப் பூடுவாங்க. நாம தொட்டிய கவுத்துட்டு அதுல செடி வெக்க வேண்டியதுதான்."

சரியாகத்தான் சொன்னார். முதல் ஆளாகக் கை தட்டியது நான்தான்.

வலது கையால் தட்டினால் விரல் விண் விண் என்கிறது. இடது கையைத் தொடையில் தட்டினேன். சத்தம் வந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏஞ்சல் தொட்டியில் மீன்கள் மெலிகின்றன. தின்கின்றன, ஆனால் வயிறு ஒட்டிப்போகிறது, முதுகு வளைகிறது. சிவப்பு மாத்திரை போட்டேன்.

சிவப்பு மாத்திரை என்பது மனிதர்கள் காசநோய்க்குச் சாப்பிடும் மாத்திரைதான். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினால் தொட்டி முழுக்கக் குங்குமத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மெலிகிற மீனுக்கு அதுதான் மருந்து என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. சங்கம் மூலமாக டாக்டர் சீட்டில்லாமல் டப்பாவில் வரும்.

உடம்பு கொஞ்சம் அசதி. நானும் ஒன்று போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்னொன்று. காலையில் பாத்ரூம் போனால் தொட்டித் தண்ணீர் மாதிரியே சிவப்பு. பயந்துபோய்ப் பிறகு சிரித்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு நாள். கடை கொள்ளாத கூட்டம். பில்லை என் வீட்டுக்காரரைப் போடச் சொன்னேன். கண்ணாடி மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 24, சனி

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் நான் என்ன கட்டியிருக்கிறேன் என்று கேட்டால் புடவை என்பார், கலர் தெரியாது. அப்படிப்பட்டவர் இன்று கேட்டார்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்கு முழுக்கை ஜாக்கெட்டு?"

"ஃபேஷன்."

"உனக்கா?"

கையைப் பிடித்து இழுத்தார். பிடித்த இடம் வலித்ததில் நான் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்தார். துளி எடுத்து உள்ளே அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "டி.பி. மாதிரி இருக்கு. எலும்புவரை போயிருக்கலாம். விரலை எடுத்துட்டா நிம்மதி. சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றார்.

"எந்த விரலு?"

"ஆள்காட்டி விரல்தான்."

"சார், நான் மீனு பிடிக்கறவ. வலையைக் கட்ட வெரலாலயும் ஆள்காட்டி வெரலாலயும்தான் பிடிப்போம். அத எடுத்துட்டா எனக்கு இன்னா நிம்மதி?"

"உயிர் முக்கியமா, மீன் முக்கியமா?"

எழுந்து வந்துவிட்டேன். வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஏகாம்பரம், "டி.பி.ன்னு எவங்கிட்டயும் சொல்லிராத," என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டர் ஃபர்ஸானா மறுபடி. இந்தத் தடவை கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன், தொட்டி துடைக்கிற மாதிரி.

"உங்க சங்க ஹால்ல வர்ற இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை முகாம் வெக்கறோம். தலைவர் சரின்னுட்டாரு."

துளசிங்கமா சரி என்றார் என்று எனக்கு ஆச்சரியம்.

"புண்ணு இருக்கறவங்க மட்டும் வந்தா போதாது. இல்லாதவங்களும் வரணும்."

"நோவு இல்லாதவன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வருவான்?"

"உங்களுக்குக் கல்கத்தாவுல இருந்து மீன் வருதே. பையைப் பிரிச்சா பத்து செத்திருக்குன்னு வெச்சுக்குவோம். அது மோசமான லோடா, நல்ல லோடா?"

"பையில எத்தினி போட்டாங்கன்னு தெரியாம எப்டி சொல்றது?"

"அதான். செத்தது மட்டும் ஆஸ்பத்திரிக்கு வருது. பையில எத்தனைன்னு எனக்குத் தெரியல."

வியாபாரம் தெரிந்த பெண். என் பாஷையிலேயே என்னை மடக்கிவிட்டார். ஆனாலும் விடவில்லை நான்.

"நீங்க எண்ணிட்டுப் பூடுவீங்க. பேப்பர்ல வந்தா எங்க கட படுத்துரும்."

"எண்ணலன்னா உங்க எல்லாரையும் டி.பி. கணக்குல எழுதுவாங்க. இப்பவே எழுதிட்டுத்தான் இருக்காங்க. தப்பான மருந்து, தப்பான நாள் கணக்கு. சில பேருக்கு விரலையே எடுக்கறாங்க. இது மனுசங்கிட்டருந்து மனுசனுக்கு ஒட்டாது. ஆனா ஒட்டும்னு சொல்லித் தனித் தட்டு வெச்சிடறாங்க."

துண்டை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"அந்த வெரல எடுக்காம சரி பண்ண முடியுமா?" என்று கேட்டேன். யாருக்கோ கேட்பது மாதிரித்தான் கேட்டேன்.

"பார்த்தாத்தான் சொல்ல முடியும். சீக்கிரம் பார்த்தா நல்லது. அவங்களை வரச் சொல்லுங்க."

போகும்போது ஒரு ஜோடி கப்பி வாங்கிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

துளசிங்கம் முகாமுக்கு ஏன் சரி என்றார் என்று இன்று தெரிந்தது. முகாம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை சங்கம் செலவில் மாமல்லபுரத்துக்கு இன்பச் சுற்றுலா. காலை டிபன், மதியம் பிரியாணி, சாயங்காலம் திரும்புவது. எல்லோருக்கும் இல்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்திராத சங்கம் இது.

கமிட்டியில் உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"காலையில கடையத் தொறக்கறதுக்கு முன்னாடி இன்னா பண்றோம்? மெதக்கறத எல்லாம் எடுத்துர்றோம். கஸ்டமர் வந்து பாத்தா தொட்டி பளிச்சுனு கீது. நாம பொய்யா சொல்றோம்? இல்லியே. அதே மாரிதான். கையில புண்ணு கீறவன் பீச்சுல காத்து வாங்கட்டும். மீதிப் பேரு வரிசையா நின்னு கைய நீட்டட்டும். அந்தம்மா பாத்துட்டு, ஒண்ணியும் இல்லன்னு எய்திகினு பூடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. நானும் சிரித்தேன்.

கூட்டம் முடிந்து என் பக்கம் வந்தார். "வல்லிம்மா, உனக்கும் ஒரு சீட்டு போட்டுக்கீறேன். ஜன்னலோரம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சுருக்கமாக எழுதுகிறேன். பேனா பிடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் எழுதுகிறார். அவர் கருத்து எதையும் நடுவில் சேர்க்கக் கூடாது என்று கண்டிஷன். (சேர்க்கமாட்டேன். ஏ.)

விடியும்போது சங்க ஹால் வாசலில் பஸ் நின்றிருந்தது. ஏறினால், இந்தத் தெருவில் பாதிக் கடை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்கர் மீன் தேசிகன், மீனுக்குப் புழு விற்கிற மும்தாஜ், தொட்டி ஒட்டுகிற தம்பதி, சந்தியாகு. எல்லோரும் கடல் பார்க்க ஆசை என்று சொல்லிக்கொண்டார்கள். துணிப்பை, தொப்பி, துப்பட்டா, முழுக்கை. ஒரு ஆள் கிரிக்கெட் கிளவுஸ் போட்டிருந்தான். கேட்டதற்குப் பீச்சில் விளையாட என்றான். மட்டை எங்கே என்றதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதைவிட ஆச்சரியம், துளசிங்கம் கடைசி ஆளாக ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தது. ஹாலில் டாக்டருக்கு மாலை போட வேண்டியவர்.

"நீங்க இன்னா தலைவரே இங்க?"

"ஏற்பாடு பாக்க ஒருத்தன் வேணாமா?"

வண்டலூர் தாண்டி ஒரு ஓட்டலில் டிபனுக்கு நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு தோசை, இரண்டு இட்லி. தட்டு வந்தது. யாரும் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, சாம்பார் பட்டால் எரியும். சர்வரைக் கூப்பிட்டு ஒரு ஸ்பூன் கேட்டேன்.

கொண்டு வந்து கொடுத்தான். மும்தாஜும் ஒன்று கேட்டாள். அடுத்த மேஜையில் தேசிகன். அப்புறம் தொட்டிக்காரர் பெண்டாட்டி. நாலு மேஜை தள்ளி, "தம்பி, இங்க ரெண்டு ஸ்பூனு."

சர்வர் நடுவில் நின்றுவிட்டான். "இன்னாமா, மொத்த பஸ்ஸும் ஃபாரினா? தோசைக்கு ஸ்பூன் கேக்கறீங்க? எங்க கிட்ட கீறதே ஆறுதான், அதுல ஒண்ணு வளஞ்சு பூட்ச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தோம். தோசை எல்லாம் முழுசாக ஆறிக்கொண்டிருந்தது. அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. நான் ஒருத்திதான், சந்தியாகு ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல. எங்களை எண்ண அந்த டாக்டர் மாதக்கணக்கில் அலைந்தார். துளசிங்கம் ஒரே காலையில் ஒரு பஸ்ஸில் ஏற்றி எண்ணிக் கொடுத்துவிட்டார்.

அவரைத் தேடினேன். மூலை மேஜையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் இட்லி தின்றுகொண்டிருந்தார். கல்யாண வீட்டில் யாராவது இடது கையால் தண்ணீர் சொம்பை நீட்டினால்கூட முகம் சுளிப்பவர். வலது கை சட்டைப் பையில்.

எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கைய காட்டுங்க தலைவரே."

"உன் வேலையப் பாத்துகினு போ."

"காட்டுங்க."

"உன் கைய காட்டு மொதல்ல."

ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். எழுதிவிடுங்கள் இங்கே, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரல் இரண்டு மடங்கு வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில், நடுக் கணுவில் வாய் திறந்து சீழ் வைத்திருக்கிறது. அங்கிருந்து புறங்கை, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் கோடு போட்ட மாதிரி வரிசையாக முடிச்சுகள். ஜூலை மாதக் கீறல் அது. (இவ்வளவு என்று எனக்கே இன்றுதான் தெரியும். ஏ.)

மும்தாஜ் எழுந்து வந்து பக்கத்தில் கையை வைத்தாள். அதே கோடு, கொஞ்சம் குட்டை. தேசிகன் கட்டை விரலைக் காட்டினான். கிளவுஸ்காரன் கிளவுஸைக் கழற்றினான். ஓட்டல் மேஜை மேல் கைகளாகக் கிடந்தன.

"நீ இன்னா போட்ட?" என்றான் தேசிகன்.

"செவப்பு மாத்திர."

"நானுந்தான். அஞ்சு."

"எனக்கு ரெண்டுல கம்மி ஆச்சு, நிறுத்திட்டேன். திருப்பி வந்துச்சு," என்றாள் மும்தாஜ்.

தொட்டிக்காரர் தலையில் கை வைத்தார். "அட கண்றாவியே. மீனு மருந்த மொத்தத் தெருவும் துன்னுகினு கீது."

அப்போது சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம். சந்தியாகு மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு டி.பி.ன்னு சொல்லி பேப்பர் கப்புல டீ குடுத்தான்," என்றான். "பெஞ்சுல குந்திகினு சிரிச்சாங்க. அந்தப் பெஞ்சு இங்கதான் கீது."

சந்தியாகு என் பக்கம் திரும்பினான்.

"யக்கா, நீயும் அங்கதான் நின்னுகினு இருந்த."

"இருந்தேன்," என்றேன். "இப்ப திரும்பிப் போலாம் வா."

துளசிங்கம் எழுந்தார். "பஸ் திரும்பாது. சங்கம் புடிச்ச பஸ்ஸு."

"சங்கம் யாரு? இங்க குந்திகினு ஸ்பூனு கேட்டவங்கதான் சங்கம்."

"பேப்பர்ல வரும். நாளைக்குக் கடையத் தொறக்க முடியாது வல்லிம்மா. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சேன் தலைவரே. என் வெரல வெட்டணும்னு ஒருத்தர் சொல்லிட்டாரு. வெரலு இல்லாம கடையத் தொறந்து நான் இன்னா பண்ணட்டும், கஸ்டமருக்கு வணக்கம் சொல்லட்டுமா? பேப்பர்ல வரட்டும். என் கடைய மூடணும்னா நான் மூடறேன். பேப்பர்காரன் மூட வேணாம், நீங்களும் மூட வேணாம்."

டிரைவர் பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கடலா, ஊரா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

"கை தூக்குங்க," என்றேன். "ஊருக்குன்னா தூக்குங்க. நோவற கையத் தூக்கினாத்தான் கணக்கு."

தூக்கினார்கள். முதலில் சந்தியாகு. பிறகு மும்தாஜ். பக்கத்து மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்த குடும்பம் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனது. இரண்டு மூன்று பேர் கடைசிவரை தூக்கவில்லை. துளசிங்கமும் தூக்கவில்லை. ஆனால் பஸ் கிளம்பியபோது அவரும் ஏறி, அதே சீட்டில் உட்கார்ந்தார்.

ஹாலுக்கு வந்தபோது, புண்ணிலிருந்து எடுத்த துளிகளை வைக்கும் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஃபர்ஸானா கழுத்தில் வாடிய மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நல்ல கைகளாகப் பார்த்துச் சலித்த முகம்.

"டாக்டரம்மா, மெதக்கறத எல்லாம் கொண்டாந்துக்கீறோம்," என்றேன்.

அவர் வாசலுக்கு வந்து பஸ்ஸைப் பார்த்தார். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். கிளவுஸ் போடவில்லை. நர்ஸிங் ஹோமில் அந்த ஆள் தொடவே இல்லை.

"யாருக்கோ கேக்கற மாதிரி கேட்டீங்க," என்றார்.

"வியாபாரத்துல அப்டித்தான் வெல கேப்போம்."

உள்ளே உட்கார வைத்து, இதற்கு முன் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துளசிங்கம் என்னையே பார்த்தார். அந்த டப்பாக்கள் எந்த வழியாக வருகின்றன என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

"செவப்பு மாத்திர," என்றேன். "மொதல்ல தொட்டிக்கு, அப்புறம் எங்களுக்கு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "தொட்டியில எவ்வளவு காலமாப் போடறீங்க?"

"நான் கட வெச்சதுலருந்து."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்த மாத்திரைதான் இந்த நோய்க்கு அவர் எழுத நினைத்த மருந்துகளில் ஒன்றாம். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடலாம், தொட்டித் தண்ணீரிலேயே பழகியிருந்தாலும் இருக்கலாம், லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதே மருந்தை ஆறு மாதம் கொடுத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று முழித்திருப்பாராம். ஆளாளுக்கு வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மூடிய பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

மாலை வரை வரிசை. துளசிங்கம் கடைசியில் நின்றார். நின்றார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

(வல்லிக்கு விரலில் ஆபரேஷன். நடந்துகொண்டிருக்கிறது. நான் வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் சொல்லாமல் நானாக எழுதும் முதல் பக்கம். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நரம்பு உறையைச் சுத்தம் செய்வார்கள். விரலை எடுப்பதா வேண்டாமா என்பது உள்ளே பார்த்துத்தான். உள்ளே போகும்போது டாக்டரிடம், வெட்டினால் எழுப்பிவிட்டு வெட்டுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றாள். ஏ.)

அக்டோபர் 15, செவ்வாய்

விரல் இருக்கிறது. ஏகாம்பரம் கையால் எழுதுவது. அவர் எழுதும்போது அழுகிறார், பக்கம் நனைகிறது. (பொய். ஏ.)

நவம்பர் 6, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.

எங்களிடம் எடுத்துப்போன கிருமி லேபில் வளர்ந்துவிட்டது. காசநோய் இல்லை. சாதாரண லேபில் மனித உடம்புச் சூட்டில் வைப்பார்களாம். இது மீன் கிருமி, குறைந்த சூட்டில்தான் வளருமாம். எனக்கும் இன்னும் சிலருக்கும் சிவப்பு மாத்திரை சரியாகக் கேட்கவில்லை. வேறு இரண்டு மருந்து, இன்னும் பல மாதம். சந்தியாகுவின் பெயரை டி.பி. கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் அந்தத் தாளை டீக்கடையில் கண்ணாடி கிளாஸுக்கு அடியில் வைத்துக் குடித்தானாம்.

எங்கள் தெருவில் கிட்டத்தட்ட ஐந்து பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்திருக்கிறது. பஸ் திரும்பாமல் இருந்திருந்தால், மீன்காரர்களுக்கு இந்த நோயே இல்லை என்று எழுதியிருப்பேன் என்றார் டாக்டர்.

நவம்பர் 17, ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. "வண்ண மீன்களால் காசநோய்." துளசிங்கம் சொன்ன அதே வரி. காசநோய் இல்லை என்று உள்ளே பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது. அதுவரை யார் படிக்கிறார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடையில் ஈ ஓட்டினேன். வாங்கிய மீனைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் இரண்டு பேர். பண்ணைக்காரர்கள் எனக்கு லோடு தர மாட்டோம் என்றுவிட்டார்கள். சங்கம் சொல்லியிருக்கிறது.

வாசலில் போர்டு எழுதி மாட்டினேன். "இந்தக் கடையில் கையில் காயம் உள்ளவர்கள் தொட்டிக்குள் கை விடுவதில்லை. கிளவுஸ் உண்டு. தொட்டியில் மனித மருந்து போடுவதில்லை. சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து என் கையைப் பார்க்கலாம்."

ஏகாம்பரம் கடைசி வரியை அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒரு அப்பா, ஒரு சிறுமி. அப்பா போர்டை இரண்டு முறை படித்தார். உள்ளே வந்து கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எப்படி வந்தது, எப்படி வராமல் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். சொன்னேன். காயத்தோடு கை விடாதே, விட்டால் சோப்பு போட்டுக் கழுவு, தண்ணீர் மாற்றும் ட்யூபை வாயால் உறிஞ்சாதே. கேட்டுக்கொண்டு, பெரிய தொட்டி ஒன்று வாங்கிப் போனார். மற்ற கடைகளில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்களாம்.

ஒரு தொட்டிதான். வாடகைக்குக் காணாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சங்கக் கூட்டம். தொழிலுக்குக் களங்கம் உண்டாக்கிய மரகதவல்லியை நீக்குவது என்று தீர்மானம். துளசிங்கம்தான் படித்தார். அவரும் எனக்குக் கொடுத்த அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறார், வாரா வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். அங்கே, "வல்லிம்மா, உனக்கு வாந்தி வருதா?" என்று அன்பாகக் கேட்பவர், இங்கே என் பெயரைக் கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி படிக்கிறார்.

எழுந்து நின்றேன்.

"நீக்குங்க தலைவரே. ஆனா நீக்கறதுக்கு முன்னாடி, பஸ்ல வந்தவங்க எல்லாம் எந்தப் பக்கம் குந்திகினு கீறாங்கன்னு பாத்துக்குங்க. செவப்பு மாத்திர டப்பா இன்னும் சங்க ஆபீசு பீரோவுல கீது. அத எடுத்து வெளிய போடுங்க. இல்ல, டாக்டரம்மாவ இட்டுகினு வந்து நான் எடுப்பேன்."

பேசப் பேச எல்லோரும் துளசிங்கத்தையே திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர் முகம் சிவந்தது.

"எதுவானாலும் மரியாதையா பேசும்மா. வெரல நீட்டிப் பேசாத."

குனிந்து பார்த்தேன். தையல் பிரித்த விரல், மற்ற நான்கும் மடங்கியிருக்க, நேராக அவர் நெஞ்சைப் பார்த்து நின்றது.

"நான் நீட்டல தலைவரே. ஆபரேசனுக்கப்பறம் இது மடங்கறதில்ல. இனிமே எப்பவும் இப்டித்தான்."

மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீர்மானத்தை யாரும் வழிமொழியவில்லை.

பேசி முடிக்கும்வரை நான் கையைக் கீழே இறக்கவில்லை.